பதிலிக்கு எதிரான பதினொரு சான்றுகள்

ஜூன் 5, புதன்

மர்மக்கதிர் வந்துவிட்டது. பொன். வெள்ளியங்கிரியின் முந்நூற்று நாற்பத்திரண்டாவது நாவல். 1996 ஜனவரியிலிருந்து மாதம் ஒன்று. நம் நாட்டில் ஐந்தாம் தேதி தவறாமல் நடக்கும் காரியங்கள் குறைவு. அவற்றுள் ஒன்று இது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே படித்து முடித்தேன். பக்கம் 44-இல் இறந்துபோன ஜவுளிக்கடை முதலாளி பக்கம் 71-இல் காபி கேட்கிறார். மாதாமாதம் துப்பறியும் இன்ஸ்பெக்டர் தணிகாசலமும் ஆச்சரியப்படாமல் கொடுக்கிறார்.

வெள்ளியங்கிரி வாசகர் மன்றம் இணையத்தில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. உறுப்பினர் ஆயிரத்து முந்நூறு பேர். வாய் திறப்பவர்கள் அறுபது. நான் அதன் நெறியாளர். ஜில்லா கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது நீதிபதி தீர்ப்புச் சொல்லும்வரை காகிதங்களுக்குக் காவலாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மன்றத்திலும் ‘சிரஸ்தார்’ என்பதே என் பெயர். ஞானசிகாமணி என்ற சொந்தப் பெயர் இப்போது சமையல் கேஸ் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.

மன்றத்தின் ஒன்பது விதிகளையும் நான்தான் எழுதினேன். முக்கியமானது நான்காவது: ‘படைப்பை விமர்சிக்கலாம், ஆசிரியரைத் தாக்கலாகாது.’ இதனால்தான் மற்ற மன்றங்களைப் போல நம் மன்றம் மீன்கடையாகவில்லை.

மாலைக்குள் நாற்பது பதிவுகள். ‘உடுக்கை’ என்ற பெயரில் எழுதும் இசக்கிமுத்து, “கெழவனுக்கு மூளை களண்டுட்டு. பேனாவப் புடுங்குங்கலே” என்று எழுதியிருந்தான். நீக்கிவிட்டு, மூன்றாவது எச்சரிக்கை அனுப்பினேன். பிறகு என் மதிப்புரையைப் போட்டேன். ஒரு கடுஞ்சொல் கிடையாது. ‘இம்மாத இதழின் அட்டை நன்றாக ஒட்டப்பட்டிருக்கிறது’ என்று தொடங்கி, அச்சுத்தாளின் தரத்தைப் பாராட்டி முடித்தேன். நூற்றுப் பத்து பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள்.

குடிதண்ணீர் கேன் இன்றும் வரவில்லை.

ஜூன் 8, சனி

‘புதுவாசகர்’ என்று ஒருவர். சேர்ந்து இரண்டு ஆண்டாகியும் இன்னும் புதியவராகவே இருக்கிறார். என் மதிப்புரையின் கீழே கேட்டிருந்தார்: “ஐயா, அட்டையைத் தவிர உள்ளே எந்தெந்த வரி சரியில்லை என்று சொன்னால் உதவியாக இருக்கும்.”

யாருக்கு உதவி என்று சொல்லவில்லை. இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் தருவது என் பழக்கம். பத்தொன்பது குற்றங்களைப் பக்க எண்ணுடன் பட்டியலிட்டேன். காபி கேட்ட பிணம் முதல் குற்றம். ஈரோட்டில் நிற்காத ரயிலில் ஈரோட்டில் இறங்கிய கொலைகாரன் ஏழாவது. பிரேதப் பரிசோதனை முடிவதற்கு முன்பே கையெழுத்தான அறிக்கை பன்னிரண்டாவது.

“மிக்க நன்றி ஐயா. இவ்வளவு பொறுமையாக யாரும் சொன்னதில்லை” என்று பதில்.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலில் ஞாயிறு ஆராதனை. திரும்பி வந்து தோசை. மகள் ஜெபா ஓசூரிலிருந்து பேசினாள், பதினொரு நிமிடம்.

ஜூலை 5, வெள்ளி

இந்த மாத நாவலில் நான் சொன்ன பத்தொன்பது வகைக் குற்றங்களில் பதினேழு இல்லை. ரயில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. இறந்தவர்கள் இறந்தபடி இருக்கிறார்கள். ஆக, ஆசிரியர் மன்றத்தைப் படிக்கிறார். இதை எழுதும்போது பெருமை எதுவும் இல்லை, செய்தியாகத்தான் பதிகிறேன்.

கோர்ட் எதிரே இசக்கியின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

“வாங்க அண்ணாச்சி. மூணு வார்னிங் குடுத்திருக்கிய. ஒரு வார்னிங்குக்கு ஒரு டீன்னாக்கூட மூணு டீ பாக்கி.”

“நீ ஆசிரியரைக் கெழவன்னு எழுதினா நான் என்ன செய்ய?”

“கெழவனத்தான கெழவன்னேன். எங்க அய்யாவயும் அப்படித்தான் கூப்பிடுதேன். நீங்க மட்டும் என்ன எழுதுனிய? அட்டை நல்லா ஒட்டியிருக்காம்லா! அதுக்கு நீங்க அவிய கன்னத்துல ஒண்ணு போட்டிருக்கலாம்.”

“அதில் விதிமீறல் எங்கே இருக்கு, சொல்லு.”

“விதியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாசிக்குறவனுக்குத்தான வயித்தக் கலக்குது.”

இசக்கி பத்தாம் வகுப்புத் தாண்டாதவன். முந்நூற்று நாற்பத்து மூன்று நாவலையும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான். இந்த மாதத்தது எப்படி என்று கேட்டேன். “நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஆள் சமைச்ச குழம்பு இல்ல” என்றான்.

இந்த ஒரு வாக்கியம் வீடு வரை கூடவே வந்தது.

ஜூலை 14, ஞாயிறு

எண்ணத் தொடங்கியிருக்கிறேன். பழைய நாவல்களில் அறுபது, 2022 ஜனவரிக்குப் பிந்தைய முப்பத்தொன்றும். ஒரு நாளைக்கு ஏழு. பழையவற்றில் பாதி, மனைவி மெர்சி இருந்தபோது வாங்கியவை. அவள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். அது கோர்ட் அவமதிப்பு என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பல புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் மஞ்சள் விரல் தடம் இருக்கிறது. இது எண்ணிக்கையில் சேராது.

ஜெபா கேட்டாள். “என்னப்பா பண்றீங்க நாள் முழுக்க?”

“ஒரு கேஸ்.”

“சாப்பிட்டீங்களா?”

சாப்பிட்டேன் என்றேன். விசாரணையில் அது முக்கியமான கேள்வி அல்ல.

ஜூலை 28, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வெளியிட்டேன். தலைப்பு: ‘2022 முதல் வெளியான நாவல்களை வெள்ளியங்கிரி எழுதவில்லை: பதினொரு சான்றுகள்’. சிலவற்றை இங்கே படி எடுத்து வைக்கிறேன்.

சான்று 1. பழைய நாவல்களில் ‘திடுக்கிட்டான்’ என்ற சொல் சராசரியாக ஒன்பது முறை வரும். புதியவற்றில் ஒருமுறைகூட இல்லை. யாரும் எதற்கும் திடுக்கிடுவதில்லை.

சான்று 3. பழையவற்றில் பெண்கள் அலறுவார்கள், அல்லது பாதி வாக்கியத்தில் இறந்துபோவார்கள். புதியவற்றில் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கிறார்கள்.

சான்று 6. புதிய நாவல்கள் முப்பத்தொன்றிலும் படுத்த படுக்கையாக ஒருவர் உண்டு. அவருக்கும் கொலைக்கும் தொடர்பே இருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரோ வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பார்கள். முதுகில் பவுடர் போடுவார்கள். கதை மேலே போகும்.

சான்று 7. பழையவற்றில் யாரும் துணி மடிக்கவில்லை. புதியவற்றில் நாற்பத்தாறு இடங்களில் துணி மடிக்கப்படுகிறது.

சான்று 10. மருந்துகளின் பெயரும் வேளையும் பிழையின்றித் தரப்படுகின்றன.

முடிவுரை: இவற்றை எழுதுபவர் ஒரு பதிலி. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஆண், முப்பது வயதுக்குள் இருக்கலாம், திருமணம் ஆகாதவர், விடுதியில் தன் துணியைத் தானே துவைப்பவர். நம் ஆசிரியரின் பெயருக்கு இழுக்கு வரக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் இதை வெளியிடுகிறேன்.

இசக்கி, உடுக்கை என்ற பெயரிலேயே, “துப்பறிஞ்சிட்டியளே அண்ணாச்சி! இனி தணிகாசலம் ரிட்டயர்டு” என்று எழுதினான். அவனுக்கு அண்ணாச்சி என்று எழுத அனுமதி இல்லை. இன்று மட்டும் விட்டுவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

மன்றம் தொடங்கிய நாளிலிருந்து இப்படியொரு உற்சாகம் கண்டதில்லை. தான் நேசித்த ஆசிரியர் சரிந்துவிட்டார் என்று இரண்டரை ஆண்டாக வருந்தியவர்கள், அவர் சரியவில்லை, வேறொருவன்தான் சரியில்லை என்று தெரிந்ததும் பாயசம் வைக்காத குறை.

ஓர் உறுப்பினர் சட்டப் பிரச்சினை ஒன்றை எழுப்பினார். நான்காம் விதி ஆசிரியரைக் காக்கிறது. பதிலியையும் காக்குமா?

அரை மணி நேரம் யோசித்துத் தீர்ப்பளித்தேன். பதிலி ஆசிரியர் அல்லர். ஆகவே நான்காம் விதி பொருந்தாது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நான்கு நாளில் அறுநூற்று முப்பது பதிவுகள். திருடன், ஒட்டுண்ணி, பிணந்தின்னி, ‘பேனாவைப் பிடிப்பதைவிட அவன் பெட்பேனைப் பிடிக்கலாம்’ இன்ன பிற. பதிலியின் தாயார் பற்றி வந்த இரண்டை நீக்கினேன். குடும்பத்தினரை எட்டாம் விதி காக்கிறது. மற்றவை விதிக்கு உட்பட்டவை.

ஆறாவது சான்றைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் படுக்கைக்காரரை வைத்து ஏகப்பட்ட நகைச்சுவை. ஒரு பொறியாளர் அவரைப் புரட்ட ஒரு இயந்திரமே வரைந்து போட்டிருந்தார். திறமையான படம்.

புதுவாசகர் ஒரே ஒரு வரி எழுதினார்: “ஐயா, பெயர் தெரியாதவரைத் திட்டினால் அவருக்குக் கேட்காதா?”

‘கேட்கும் கேட்காது என்பது இங்கே வழக்கில் தீர்க்க வேண்டிய வினா அல்ல. விதி எண்ணைச் சுட்டி முறையிடவும்’ என்று பதில் தந்தேன். முறையிடவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

மர்மக்கதிர் வரவில்லை. பாளை பஸ் ஸ்டாண்டு கடையில் கேட்டேன். “இந்த மாசம் இல்லையாம் சார். வேற ஏதாச்சும் பாக்கிறீங்களா? ராசிபலன் இருக்கு.”

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மோட்டார் ரிப்பேர். ஜெபா பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

இசக்கி மூன்று நாள் கடையை அடைத்துவிட்டு, இரண்டு கிலோ ஆப்பிளுடன் கோபிச்செட்டிபாளையம் போய் வந்திருக்கிறான். ஆசிரியரை நேரில் பார்த்து, ‘அய்யா, ஒருத்தன் உங்க பேர்ல எழுதுதான், பிடிச்சுக் குடுங்க’ என்று சொல்வதற்காக. இன்று கடைக்குக் கூப்பிட்டனுப்பினான். இயந்திரத்தை அணைத்திருந்தான்.

“அண்ணாச்சி, அவிய படுத்துட்டாவ.”

“யார்?”

“வெள்ளியங்கிரி அய்யா. ரெண்டரை வருசமாச்சு. பக்கவாதம். வலதுபக்கம் பூரா இல்ல. பேச்சும் இல்ல.”

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

“எழுதுனது அவிய வீட்டம்மா. மரகதம்னு பேரு. அறுவது வயசு இருக்கும். மத்தியானம் கஞ்சி குடுத்து, பெரட்டிப் படுக்க வச்சு, துணிய மடிச்சு வச்சுட்டு உக்காருவாங்களாம். எழுதுனத அவியளுக்கு வாசிச்சுக் காட்டுவாங்களாம். புடிச்சிருந்தா எடதுகை வெரல ஒண்ணத் தூக்குவாவ. புடிக்கலன்னா கண்ண மூடிக்கிடுவாவ. மூடிட்டா கிழிச்சிட்டு மறுபடி எழுதணும்.”

“பதிப்பகத்துக்குத் தெரியுமா?”

“உங்க பதினொண்ண வாசிச்சுட்டுத்தான் அவுங்க ஃபோன் பண்ணிக் கேட்டிருக்காங்க. அந்தம்மாவுக்குப் பொய் சொல்ல வரல. ‘அப்ப இப்போதைக்கு நிறுத்திக்கிடுவோம்மா’ன்னுட்டாங்க.”

சிறிது நேரம் அவன் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நம்ம மன்றத்தத் தெனம் வாசிச்சுக் காட்டுவாங்களாம் அண்ணாச்சி. பாராட்டு எதுவும் இருக்காது, திட்டுத்தான். அதயும் வாசிப்பாங்களாம். நான் கெழவன்னு எழுதுனதுக்கு வெரலத் தூக்குனாவளாம். நீங்க பத்தொம்பது குத்தம் போட்டிய பாத்தியளா, அன்னைக்கி அவிய சிரிச்சாவளாம். பொணம் காப்பி கேட்டதுக்கு. படுத்ததுக்கப்புறம் அன்னைக்குத்தான் மொத சிரிப்பு. ‘அந்தச் சிரஸ்தாரு நல்ல வாத்தியாருங்க, நான்தான் அவருகிட்ட அப்பப்ப சந்தேகம் கேப்பேன்’னு சொன்னாங்க.”

“என்ன பேரில் கேட்பார்களாம்?”

“புதுவாசகர்.”

குறித்துக்கொண்டேன்.

“பதினோரு சான்றையும் வாசித்தார்களா அவருக்கு?”

“அத வாசிக்கலியாம். இப்ப மத்தியானம் வாசிக்க ஒண்ணுமே இல்லியே. அவியளுக்கு அது வெளங்கல. அந்த நேரம் வந்தா வெரலத் தூக்கிட்டே கெடக்காவ. நானே பாத்தேன்.”

இசக்கி மூக்கைச் சிந்திக்கொண்டான். பிறகு, “அவிய இருக்க வரைக்கும் இது வெளிய தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுதேன். அந்தம்மா நம்பர் இந்தா இருக்கு, பேசுங்க” என்று ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நான்காம் விதியைத் திருத்தினேன். ‘ஆசிரியரை, அல்லது ஆசிரியரின் பெயரில் எழுதுவதாகக் கருதப்படுபவரைத் தாக்கலாகாது.’ அறுநூற்றுச் சொச்சம் பதிவுகளையும் நீக்கினேன். உறுப்பினர்கள் காரணம் கேட்டார்கள். நிர்வாகக் காரணம் என்றேன்.

துண்டுக் காகிதம் பைபிளுக்குள் இருக்கிறது. இன்று பேசவில்லை. முன்பின் தெரியாத பெண்மணியிடம் திடீரென்று பேசுவது முறையல்ல. கடிதம்தான் சரி.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கடிதத்தின் நான்காவது வரைவு. ‘தங்கள் மனம் புண்பட்டிருக்குமாயின்’ என்று எழுதியிருந்தேன். ‘இருக்குமாயின்’ என்பதை அடித்தேன். அடித்த பிறகு வாக்கியம் நிற்கவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

பொன். வெள்ளியங்கிரி காலமானார். நேற்று மாலை.

இசக்கி நேற்றே பஸ் ஏறிவிட்டான். என்னையும் கூப்பிட்டான். மன்றத்தை யார் பார்ப்பது என்றேன்.

அஞ்சலிப் பக்கத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். ஒன்றைக்கூட நீக்க வேண்டியிருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளில் இவ்வளவு பண்பாக நடந்துகொண்டதில்லை நாம். கடைசி இரண்டரை ஆண்டு அவர் நோயில் இருந்தார் என்பது செய்தித்தாளில் வந்துவிட்டது. ‘பதிலியை அமர்த்திய பதிப்பகம் ஒழிக’ என்று இருவர். அதுவும் பண்பாகத்தான்.

புதுவாசகர் எதுவும் எழுதவில்லை. எழுத மாட்டார் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ஏழாவது வரைவு. தபால் தலை ஒட்டினேன். அனுப்பவில்லை. மழை.

நவம்பர் 5, செவ்வாய்

மர்மக்கதிர் பதிப்பகம் ஒரு கடைசித் தணிகாசலம் நாவலை அறிவித்திருக்கிறது. மூன்று அத்தியாயங்களை இணையத்தில் போட்டு, கீழே: ‘எழுதியவர் யார்? புத்தகம் வரும்போது அட்டையைப் பாருங்கள்!’ மர்மநாவல் பதிப்பகம். அவர்கள் புத்தி அப்படித்தான் போகும்.

மூன்று அத்தியாயமும் படித்தேன். தணிகாசலம் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய மனைவி காணாமல் போகிறாள். முப்பது ஆண்டு ஊரில் காணாமல் போனவர்களை எல்லாம் தேடிய மனிதருக்கு, மனைவியின் அடையாளம் கேட்டுப் படிவம் நிரப்பும்போது, அவள் காதில் என்ன போட்டிருந்தாள் என்று தெரியவில்லை.

அந்த இடத்தில் புத்தகத்தை, அதாவது கணினியை, மூடி வைத்தேன். எழுந்து போய் பாத்திரம் தேய்த்தேன்.

மெர்சி காதில் போட்டிருந்தது சிவப்புக்கல் தோடு. கல் சிவப்பா என்று ஜெபாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 8, வெள்ளி

மன்றம் கொண்டாடுகிறது. ‘பழைய வெள்ளியங்கிரி திரும்பி வந்துவிட்டார்.’ ‘பெட்டியில் கிடந்த கையெழுத்துப் பிரதியாக இருக்கும்.’ ‘ஒரு வரி போதும், பதிலி இல்லை என்று சொல்லிவிடலாம்.’ ஆனாலும் ஐயம் திரிபு இல்லாமல் தெரிய வேண்டுமாம். சிரஸ்தார் தம் பதினொரு சான்றுகளை வைத்துச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று எண்பது பேர் கையொப்பமிட்டு வேண்டுகோள்.

நவம்பர் 11, திங்கள்

சோதித்தேன். திடுக்கிடல் இல்லை. பெண்கள் வாக்கியத்தை முடிக்கிறார்கள். இரண்டாம் பக்கத்திலேயே துணி மடிக்கப்படுகிறது. பதினொன்றுக்குப் பதினொன்று.

உண்மையைச் சொன்னால் மறுபடி அறுநூற்று முப்பது பதிவுகள் வரும். விதி காத்தாலும் வரும்; நாகரிகமான சொற்களில் வரும். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மரகதம் அம்மையாரிடம் கேட்டுவிடலாமா என்று யோசித்தேன். காகிதத்தை எடுத்தேன். கணவர் இறந்து எழுபது நாள். இது நீங்கள் எழுதியதுதானே என்று துக்க வீட்டில் கேட்பது அநாகரிகம். வைத்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

வெளியிட்டேன். ‘பதினொரு சான்றுகளையும் பொருத்திப் பார்த்ததில், இந்நாவல் பொன். வெள்ளியங்கிரியால் எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. அவருடைய நாவல்களில் இதுவே தலைசிறந்ததாக அமையும்.’ தேவையான எண்ணிக்கைகளையும் கொடுத்தேன். என் வாழ்நாளில் காகிதத்தில் எண்ணை மாற்றி எழுதியது இதுவே முதல் தடவை.

இசக்கி வந்தான். “பொய்தான அண்ணாச்சி?”

“ஆமா.”

“நல்ல பொய்” என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தோம்.

நவம்பர் 24, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது அழைப்பு. தெரியாத எண் இல்லை. அந்தத் துண்டுக் காகிதத்தில் இருந்த எண் எனக்கு மனப்பாடம்.

“சிரஸ்தாருங்களா? நான் கோபியில இருந்து மரகதம் பேசறனுங்க. இசக்கிமுத்து தம்பிகிட்ட நம்பர் வாங்குனேன். இப்பப் பேசலாங்களா?”

பேசலாம் என்றேன். உட்காரச் சொன்னேன், தொலைபேசியில்.

“உங்களத் தொந்தரவு பண்ணோணும்னு இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கோணும். அந்தக் கடைசிக் கதை, அது நான் எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியலீங்களா?”

“தெரியும் அம்மா.”

“தெரிஞ்சுதான் அவரு எழுதுனதுன்னு போட்டீங்களா?”

நான் விளக்கினேன். கோர்வையாகச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. திட்டுவார்கள் என்பதையும், வெளியே தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதையும் சொன்னேன்.

“அவரு இருக்கற வரைக்கும்னு சொன்னனுங்க” என்றார்.

அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் 21-ஆம் தேதிக் குறிப்பில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

“அவரு போனதுக்கப்புறம் பதிப்பகத்துல இருந்து வந்தாங்க. ஒண்ணு எழுதுங்கம்மா, உங்க பேருலயே போடலாம்னாங்க. எனக்குப் பயந்தானுங்க. அப்பறம் ஒத்துக்கிட்டேன். மரகதம் வெள்ளியங்கிரின்னு அட்டைகூட அடிச்சுக் காட்டுனாங்க. நல்லாருந்துச்சு. மொதல்ல பேரு போடாம மூணு அத்தியாயம் விடுவோம், சனங்க நல்லாருக்குன்னு சொல்லட்டும், அப்பறம் பேரச் சொல்லுவோம்னு அவங்கதான் சொன்னாங்க. சனங்களும் சொன்னாங்கல்லங்க? நானும் தெனம் வாசிச்சனுங்க. அழுகையே வந்துருச்சு.”

கழற்றிய சட்டையை நாற்காலியின் முதுகில் போட்டேன்.

“உங்க சோதனை வந்ததுக்கப்புறம் அவங்க ஃபோன் பண்ணுனாங்க. ஏனுங்கம்மா, எல்லாரும் அவருதுன்னே நம்பீட்டாங்க, சிரஸ்தாரே சொல்லீட்டாரு, இனி உங்க பேரப் போட்டா ஏமாத்துனதாட்டம் ஆயிரும், அவரு பேரே இருக்கட்டும்னுட்டாங்க. அட்டைய மாத்தியாச்சுங்க.”

“நான் பதிப்பகத்திடம் பேசுகிறேன் அம்மா. மன்றத்தில் எழுதுகிறேன்.”

“எழுதுங்க. அச்சுக்குப் போயிருச்சு” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். கோபத்துக்கு விதி இருக்கிறது.

“கதை ரொம்ப நன்றாக இருந்தது அம்மா. அந்தக் காது தோடு இடம்…”

“அத அங்கயே எழுதீருந்தீங்களே, வாசிச்சேன். தலைசிறந்ததுன்னு. அவரு பேருக்கு.”

பிறகு, இனிமேலும் எழுதுவீர்களா என்று கேட்டேன்.

“எந்தப் பேருலீங்க?” என்றார் மரகதம் அம்மையார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல, பத்தொன்பது குற்றங்களையும் கேட்ட அதே பணிவுடன்.

நவம்பர் 25, திங்கள்

பதிப்பகத்துக்கு மூன்று முறை பேசினேன். புத்தகம் அச்சாகிக் கட்டுக்கட்டாக அடுக்கப்படுகிறதாம்.

மன்றத்தில் முழு உண்மையையும் எழுதினேன். பெயர், ஊர், பக்கவாதம், விரல், நான் மாற்றிய எண்கள், எல்லாவற்றையும்.

யாரும் திட்டவில்லை. ‘ஐயா தனியாக இருக்கிறார். ஆசிரியரின் மறைவு அவரைப் பாதித்திருக்கிறது’ என்று ஒருவர். ‘தாங்கள் சற்று ஓய்வெடுக்க வேண்டுகிறோம்’ என்று ஒருவர். பன்னிரண்டாம் தேதி நான் கொடுத்த எண்ணிக்கைகளை எனக்கே எடுத்துக் காட்டி, இவ்வளவு துல்லியமான ஆய்வு பொய்யாக இருக்க வழியில்லை என்று மிக மரியாதையாக நிறுவியிருந்தார் அந்தப் பொறியாளர். மனைவி எழுதினார் என்பது அந்த அம்மாளையும் அவமதிப்பது என்று இன்னொருவர் வருத்தப்பட்டார்.

இசக்கி எனக்காகப் பேசினான். தனக்குத் தெரிந்த மொழியில் பேசினான். இந்த மாதம்தான் நான் அமர்த்திய துணை நெறியாளர் அவனை முப்பது நாள் நீக்கிவிட்டார்.

டிசம்பர் 5, வியாழன்

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் பொன். வெள்ளியங்கிரி என்று பொன்னெழுத்தில் இருக்கிறது. இந்த முறை எதையும் எண்ணாமல் படித்தேன். கடைசி நாற்பது பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. மனைவி கிடைத்துவிடுகிறாள். காணாமல் போகவே இல்லை; அடுத்த தெருவில் இருந்தாள்; தேடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை மன்றத்தைத் திறந்தேன். இருநூறு பதிவுகள், எல்லாம் புகழ்ச்சி. ஒருவர் எழுதியிருந்தார்: ‘முப்பத்தொரு மாதம் நம் ஆசிரியரின் பெயரைக் கெடுத்த அந்தப் பதிலி இந்த ஒரு புத்தகத்தையாவது படிக்கட்டும். எழுத்து என்றால் என்னவென்று கற்றுக்கொள்ளட்டும்.’ தொண்ணூற்று நான்கு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. திருத்திய நான்காம் விதி காப்பது ‘எழுதுவதாகக் கருதப்படுபவரை’; பதிலி இப்போது எழுதுவதாக அவர் கருதவில்லை. முன்பு எழுதினார் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒன்பது விதிகளையும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். எதிலும் அடங்கவில்லை.

நீக்கிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி. எந்த விதியின் கீழ் நீக்கப்பட்டது என்று தெரிவித்தால் இனி திருத்திக்கொள்வாராம். மிகவும் பண்பான கடிதம்.

இன்னும் பதில் எழுதவில்லை.